சின்ன வயதிலேயே பெரியவர்களாகிப்போனவர்களுக்கான கவுன்சிலிங்: பன்னிரண்டு செஷன் முடித்துவிட்டு எழுதுகிறேன்

முதலில் சேவை என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெற்றோர் பிரிந்து, அதோடு பணக் கஷ்டமும் சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு வயதிலேயே வீட்டுப் பொறுப்பைத் தூக்கிச் சுமந்தவர்கள் வளர்ந்து ஆளான பிறகு போகிற கவுன்சிலிங் இது. வீடியோ காலில் நடக்கிறது. வாரத்துக்கு ஒரு செஷன், ஐம்பது நிமிடம், மொத்தம் பன்னிரண்டு. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை, கவுன்சிலர்கள் பெயரையும்தான். கீழே குறைகளும் வருகின்றன, என் குடும்பத்தில் மற்ற நான்கு பேரும் இந்தக் கதைக்குள் இருக்கிறார்கள், அதனால் பெயர் வேண்டாம். ஆனால் இந்த மாதிரி கவுன்சிலிங்கில் உள்ளே என்னதான் நடக்கும் என்று நான் தேடியபோது "நல்லா பேசினாங்க", "மனசு லேசாச்சு" என்பதைத் தாண்டி யாரும் எழுதியிருக்கவில்லை. என்ன கேட்பார்கள், எதை எழுதச் சொல்வார்கள், எந்த இடத்தில் வலிக்கும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் இரண்டு வருடம் தள்ளிப்போட்டிருக்க மாட்டேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

என் நிலைமையைச் சொன்னால்தான் நான் எதை நல்லது என்கிறேன், எதைக் குறை என்கிறேன் என்பது புரியும்.

எனக்குப் பதினொரு வயதில் அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் அப்பாவின் தொழில் படுத்து, கடன் ஏறி, கடன் சண்டையாகி, சண்டையும் ஓய்ந்து வீட்டில் பேச்சே இல்லாமல் போய், கடைசியில் ஒருநாள் அப்பா துணிமணிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது பதினான்கு வயது அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனார். நானும் ஆறு வயதுத் தங்கையும் அம்மாவிடம். யார் எங்கே இருப்பது என்று எங்கள் மூன்று பேரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. (1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையில் 12-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. முப்பது வயதுக்கு மேல்தான் அதை நான் படித்தேன்.) அதுவரை வீட்டில் நான் நடுப்பிள்ளை. அண்ணன் கிளம்பிப்போன அன்று சாயங்காலமே மூத்தவள் ஆகிவிட்டேன்.

அம்மா இரண்டு வேலைக்குப் போனார். தங்கையை எழுப்பி, தலை வாரி, பள்ளிக்குக் கிளப்புவது என் பொறுப்பு. அவளுடைய பள்ளிப் படிவங்களில் அம்மாவின் கையெழுத்தை நான்தான் போடுவேன், அம்மா போட்டதைவிட அழகாக இருக்கும். கடன் கேட்டு யாராவது வந்தால் கதவைப் பாதி திறந்து "அம்மா வீட்டுல இல்ல" என்று சொல்வேன், அம்மா உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். மாதக் கடைசியில் எதைக் கட்டலாம், எதைத் தள்ளலாம் என்று அம்மாவும் நானும் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். ராத்திரி அடுப்பையும் தாழ்ப்பாளையும் சரிபார்த்துவிட்டுத்தான் படுப்பேன். ஒரு நோட்டில் வரவு செலவு எழுதிவைப்பேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, அது பின்னால் வருகிறது.

இப்போது எனக்கு முப்பத்துமூன்று. தங்கைக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். தினமும் போன் செய்து கதவைப் பூட்டினாயா, மாத்திரை போட்டாயா, சம்பளத்தில் எவ்வளவு எடுத்துவைத்தாய் என்று கேட்பேன். ஒருநாள் அவள் கோபப்படாமல், நிதானமாகத்தான் சொன்னாள்: "அக்கா, எனக்கு ஏற்கனவே ஒரு அம்மா இருக்காங்க. எனக்கு அக்காதான் இல்ல. நீ என்னைக்காவது என்கிட்ட எதையாவது புலம்பியிருக்கியா?" போனை வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். அவளிடம் மட்டுமல்ல, யாரிடமும் நான் புலம்பியதில்லை. அன்று ராத்திரி பதிவு செய்தேன்.

சரி, சேவைக்கு வருகிறேன். பதிவு செய்ததும் ஒரு நீளமான படிவம் அனுப்புகிறார்கள். பெயர், வயது, தூக்கம், மருந்து, அப்புறம் அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று ஒரு கட்டம். அதில் நான் மாட்டிக்கொண்டேன். அம்மாவின் படிவம், தங்கையின் படிவம், இரண்டு தோழிகளின் படிவம் எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தில் என் பெயர்தான் இருக்கிறது. என் படிவத்தில் யார் பெயரை எழுதுவது? காலியாக விட்டேன். ஒரு ஊழியர் போன் செய்து அது கட்டாயம் என்றார், பிறகு நிரப்புகிறேன் என்று சமாளித்தேன்.

படிவத்தின் கடைசியில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல். அமெரிக்காவில் சான் டியேகோவில் 1995 முதல் 1997 வரை கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்விலிருந்து வந்த பட்டியல் அது. பதினெட்டு வயதுக்கு முன்னால் என்னென்ன கஷ்டம் நடந்தது என்று கேட்கும், ஒவ்வொரு ஆமாமுக்கும் ஒரு புள்ளி. பெற்றோர் பிரிவும் அதில் ஒன்று. இந்த ஆய்வைப் பற்றி எனக்குக் குறை இல்லை, பிள்ளைப் பருவத்தில் பட்டது ஐம்பது வயதில் உடம்பில் தெரியும் என்பதை உலகம் கேட்கிற மாதிரிச் சொன்ன ஆய்வு. என் குறை இவர்கள் அதைப் பயன்படுத்திய விதத்தில். நான் நிரப்பிய ஐந்தாவது நிமிடம் ஒரு தானியங்கி மெயில் வந்தது: உங்கள் மதிப்பெண் இவ்வளவு, நீங்கள் அதிக ஆபத்துப் பிரிவில் இருக்கிறீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, பக்கத்தில் யாரும் இல்லாதபோது, ஒரு எண்ணை மட்டும் அப்படி அனுப்பலாமா? அந்த ஆய்வை நடத்திய இருவரில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே 2020-ல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதியிருக்கிறார், அந்த மதிப்பெண் மக்கள்தொகையைப் படிக்க உதவும், ஒரு தனி மனிதரின் கதியைச் சொல்ல உதவாது என்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பத்தில் கடன் பற்றியோ வேலை போனது பற்றியோ ஒரு கேள்வியும் இல்லை. எங்கள் வீட்டில் பிரிவும் பணமும் தனித்தனிக் கதைகள் இல்லை. பணம் போனதால் பேச்சு போனது, பேச்சு போனதால் அப்பா போனார், அப்பா போனதால் இன்னும் பணம் போனது. அதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

முதல் கவுன்சிலர் எனக்குச் சரிப்படவில்லை. நல்ல மனிதர், சந்தேகமில்லை. நான் மேலே எழுதியதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கண் கலங்கி, "இவ்வளவு சின்ன வயசுல இவ்வளவு பொறுப்பா இருந்திருக்கீங்க, உங்கள நினைச்சா பெருமையா இருக்கு, நீங்க ரொம்ப ஸ்ட்ராங்" என்றார். எனக்கு அங்கேயே வாய் மூடிவிட்டது. இந்த வாக்கியத்தைப் பதினொரு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தை சொன்னார், டீச்சர் சொன்னார், கடன் கேட்டு வந்த ஒருவர்கூடச் சொன்னார். "பொறுப்பான பொண்ணு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பெண் அழ முடியாது, மறக்க முடியாது, படிவத்தைத் தொலைக்க முடியாது. பாராட்டு என்று நினைத்துத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் இந்தச் சேவைக்கு வருகிற ஆளிடம் முதல் நாளே அதைச் சொல்லக் கூடாது என்பது கவுன்சிலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது செஷனிலும் அதே பாட்டுதான். மாற்றித் தரச் சொன்னேன். மாற்றித் தர மூன்று வாரம் ஆனது, அதற்குள் ஏற்கனவே குறித்திருந்த ஒரு செஷனை நான் ரத்து செய்ததால் அதற்கான பணத்தைத் திருப்பித் தரவில்லை. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டுமாம், நான் சொன்னது இருபது மணி நேரத்துக்கு முன். விதி என்றால் விதி, ஆனால் கவுன்சிலரை மாற்றக் கேட்டவருக்கு அதைத் தளர்த்தலாம்.

இரண்டாவதாக வந்த மேடத்துக்காகத்தான் இந்த ரிவ்யூவையே எழுதுகிறேன்.

அவர் முதல் நாள் கதை கேட்கவில்லை. திரையில் ஒரு வெள்ளைப் பலகையைத் திறந்து குடும்பப் படம் வரையலாம் என்றார். ஜீனோகிராம் என்று பெயர். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு கோடு, பிள்ளைகள் அந்தக் கோட்டிலிருந்து வயதுப்படி இடமிருந்து வலமாகத் தொங்குவார்கள். விவாகரத்து என்றால் அந்தக் கோட்டின் குறுக்கே இரண்டு சாய்வெட்டு, பிரிந்து மட்டும் இருந்தால் ஒன்று. எங்கள் வீட்டில் கோர்ட்டுக்கு யாரும் போகவில்லை, அதனால் ஒன்று. அந்த ஒற்றைக் கோட்டை அவர் இழுத்தபோது எனக்கு என்னவோ செய்தது. இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் "அப்பா வெளியூர்ல வேலை" என்று சொல்லியே பழகியவள் நான். இங்கே அதற்கென்று ஒரு குறி இருக்கிறது, எல்லோருக்கும் பொதுவாக, ஒரு சின்னச் சாய்வான கோடு.

அப்புறம் ஒவ்வொருவர் பக்கத்திலும், அப்பா கிளம்பிய பிறகு அவர்கள் செய்த வேலைகளை எழுதச் சொன்னார். உணர்ச்சி எல்லாம் வேண்டாம், வேலைகள் மட்டும். அம்மாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் எழுத இடம் போதவில்லை. என்னுடையதில் பதினேழு வேலைகள். தங்கைக்கு இரண்டு. அண்ணனின் சதுரம் மட்டும் காலி. "அந்தப் பக்கம் யார் என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார். "அவனுக்கென்ன மேடம், அவனும் அப்பாவும் மட்டும்தான், ஒரு வேலையும் இருந்திருக்காது, அவன் தப்பிச்சிட்டான்" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. காலியாக இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

மூன்றாவது, நான்காவது வாரங்களில்தான் இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தது. பிள்ளை பெற்றோராக மாறி, பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் தாங்கலாக நிற்பதை பேரண்டிஃபிகேஷன் என்கிறார்கள். இவான் போசோர்மெனி-நாகி என்ற மனநல மருத்துவரும் ஜெரால்டின் ஸ்பார்க்கும் 1973-ல் இதை விரிவாக எழுதினார்கள். குடும்பத்துக்குள் ஒரு கணக்குப் புத்தகம் ஓடிக்கொண்டே இருக்கிறது, யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்று மனசு எழுதிவைத்துக்கொள்கிறது என்பது நாகியின் பார்வை. மேடம் இதைச் சொன்னதும் நான் எழுந்துபோய் அந்தப் பழைய நோட்டை எடுத்துவந்து கேமரா முன்னால் பிடித்தேன். பக்கம் பக்கமாகப் பற்றும் வரவும். பதினொரு வயதுப் பிள்ளை தேதி போட்டு, கோடு கிழித்து, கூட்டல் தப்பாகப் போய் அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறது. மேடம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதுல உங்களுக்கு வாங்கினது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அடுத்த செஷன் வரைக்கும் தேடினேன். நாற்பத்துமூன்று பக்கத்தில் ஒன்று இருந்தது. ஒரு பேனா.

அந்த வாரத்து வீட்டுப்பாடம் நான் கொடுத்ததையும் எனக்கு வந்ததையும் இரண்டு பத்தியாக எழுதுவது. கொடுத்தது வேகமாக நிரம்பியது. வந்தது பக்கம் முதலில் காலியாக இருந்தது, பிறகு மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது: ஜுரம் வந்தபோது அம்மா ஒரு நாள் வேலைக்குப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, தங்கை எனக்காக மட்டும் ஒரு படம் வரைந்தது, பக்கத்து வீட்டுப் பெரியம்மா எதுவும் கேட்காமல் மாலையில் தங்கையைப் பார்த்துக்கொண்டது. இவற்றை நான் மறந்தே போயிருந்தேன். இந்தச் சேவையில் ஒரே ஒரு பயிற்சியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பயத்தைச் சொல்ல வேண்டும், இந்த மாதிரி வீட்டில் வளர்ந்த எல்லோருக்கும் அது இருக்கும். கவுன்சிலிங் போனால் அம்மாவைக் குற்றவாளி ஆக்கிவிடுவார்கள், நானும் தலையாட்ட வேண்டிவரும் என்ற பயம். நான் தள்ளிப்போட்டதற்கே அதுதான் காரணம். அம்மா எனக்காக என்ன பட்டார் என்று எனக்குத் தெரியும், ஒரு அந்நியரிடம் போய் அவரைப் பற்றிக் குறை சொல்வதா என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. நாகியின் வழியில் வேலை செய்கிறவர்கள், எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும், குடும்பத்தில் ஒவ்வொருவர் பக்கமும் முறை வைத்து நின்று பார்ப்பார்களாம், அங்கே இல்லாதவர்கள் பக்கமும்கூட. அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது, உங்களுடைய இப்போதைய வயதைவிட இரண்டுதான் அதிகம் என்று மேடம் ஒருநாள் சொன்னார். அம்மாவிடம் அன்று வேறு வழி இருந்ததா என்பது ஒரு கேள்வி, அந்தச் சுமை பதினொரு வயதுக்கு அதிகமா என்பது வேறு கேள்வி, முதலாவதுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் இரண்டாவதுக்கு ஆமாம் என்று சொல்லலாம் என்றார். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியும் என்பது எனக்குப் புதிது. அப்பா பக்கமும் நிற்க வைத்தார், அது எனக்குக் கசந்தது, இன்னும் கசக்கிறது, அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனசில்லை.

ஆறாவது வாரம் மறுபடி அந்தக் கேள்விக்குறிக்கு வந்தோம். அண்ணனிடம் கேட்டுப் பார்க்க முடியுமா என்றார். அண்ணனும் நானும் வருடத்துக்கு மூன்று நான்கு முறை பேசுவோம், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அவ்வளவுதான். எனக்குள் அவன் மேல் ஒரு கோபம் இருபது வருடமாக இருந்தது, எங்களை விட்டுவிட்டு வசதியாகப் போனவன் என்று. கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு போன் செய்தேன். "அங்க நீ என்னென்ன வேலை செஞ்ச?" என்று கேட்டேன். முதலில் சிரித்தான். பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினான்.

அப்பாவுக்குத் தூக்கம் கிடையாதாம். ராத்திரி முழுக்கப் பேசுவாராம், யார் ஏமாற்றினார்கள், எங்கே தப்பு நடந்தது, அம்மா என்ன சொன்னார், தான் என்ன சொன்னேன் என்று, திரும்பத் திரும்ப. பதினான்கு வயதுப் பையன் ஆமாம்பா, ஆமாம்பா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவர் கண் மூடி, மூச்சு சீராகிற வரைக்கும் இவன் படுக்க மாட்டான், ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயம். காலையில் பள்ளியில் தூங்கி வழிந்து அடி வாங்குவான். மாதம் ஒருமுறை நாங்கள் பிள்ளைகள் சந்திக்கும்போது இரண்டு பக்கத்துச் செய்தியும் எங்கள் வழியாகத்தான் போகும். நான் அம்மா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அப்பாவிடம் சொல்வேன், பணம் வரவில்லை என்பதையும் சேர்த்து. அண்ணன் அப்படிச் செய்யவில்லையாம். "நான் மாத்திச் சொல்லுவேன். அம்மா உங்கள விசாரிச்சாங்கன்னு அப்பாகிட்ட சொல்லுவேன். அம்மா விசாரிச்சதே இல்ல. அன்னைக்கு ஒரு நாள் அவர் தூங்குவாரு" என்றான். அப்புறம் சொன்னான், "நீங்க மூணு பேர் சேர்ந்து இருந்தீங்க. எனக்கு அதான் பொறாமை."

நான் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்ட அதே வருடங்கள்.

மறுவாரம் அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் எழுதினோம். மொத்தம் மூன்றே வரிகள். அப்பா சொல்வதைக் கேட்பது. அப்பா தூங்கும்வரை விழித்திருப்பது. செய்திகளை மென்மையாக்குவது. என் பதினேழு வேலைகளை விட அந்த மூன்றும் கனமாக இருக்கலாம் என்று மேடம் சொன்னபோது எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு விளக்கினார். பேரண்டிஃபிகேஷனை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கிரிகரி ஜர்கோவிக் 1997-ல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஒன்று கை வேலை: துணி, கணக்கு, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது. இன்னொன்று மன வேலை: பெரியவரின் துக்கத்தைத் தாங்குவது, சண்டைக்கு நடுவில் நிற்பது, இரகசியத்தைக் காப்பது. கை வேலை, வயதுக்கு ஏற்ற அளவில், ஒரு முடிவோடு, நீ செய்கிறாய் என்று யாராவது பார்த்துச் சொல்லும்படி இருந்தால் பிள்ளைக்குத் திறமையாகவும் மாறலாம். மன வேலைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது, அதனால் பொதுவாக அதுதான் அதிகம் காயப்படுத்துவது என்று கருதுகிறார்கள். பாத்திரத்தைக் கழுவினால் கழுவியாயிற்று என்று தெரியும், அப்பாவின் துக்கத்தை எப்போது கழுவி முடிப்பது? பணக் கஷ்டம் வந்தால் வேலைகள் பிள்ளைகளுக்குள் இப்படிப் பிரிவது வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வளர்ந்த அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரத்துப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுப் பதிவுகளைப் பிற்காலத்தில் அலசிய சமூகவியலாளர் கிளென் எல்டர் இதையே பார்த்தார், வருமானம் இழந்த வீடுகளில் பையன்கள் சம்பளத்துக்கு வெளி வேலைக்குப் போனார்கள், பெண்கள் வீட்டு வேலையைத் தூக்கிக்கொண்டார்கள். இதை நானே பிறகு தேடிப் படித்தேன், ஏனென்றால் எங்கள் வீடு மட்டும்தான் இப்படி என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

இன்னொரு சொல்லும் எனக்கு உதவியது. பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970-களில், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்து, தெளிவில்லாத இழப்பு என்று ஒன்றைச் சொன்னார். ஆள் செத்ததும் உறுதியில்லை, இருப்பதும் உறுதியில்லை, அதனால் அழவும் முடியாது, மறக்கவும் முடியாது. பெற்றோர் பிரிவையும் அவர் இதில் சேர்க்கிறார். அப்பா போனபோது எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க யாரும் வரவில்லை, வருவதற்கு யாரும் சாகவில்லையே. அண்ணன் போனதற்கு நான் அழுததே இல்லை என்று ஒன்பதாவது செஷனில்தான் தெரிந்தது. அன்று அழுதேன். அழுதுகொண்டிருந்தபோது ஐம்பதாவது நிமிடம் வந்து வீடியோ கால் தானாகத் துண்டிக்கப்பட்டது. மேடம் துண்டிக்கவில்லை, அந்த மென்பொருள் துண்டித்தது. அவர் உடனே தன் எண்ணிலிருந்து மெசேஜ் அனுப்பி, மறுநாள் காலை பத்து நிமிடம் தனியாகப் பேசினார், அது அவருடைய நல்ல மனசு. சேவையின் அமைப்பில் இதற்கு இடம் இல்லை. இவ்வளவு கட்டணம் வாங்குகிறவர்கள் (வருமானத்தைக் காட்டினால் குறைத்துக்கொள்கிறார்கள், கேட்டால்தான் சொல்கிறார்கள், கேளுங்கள்) ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு எச்சரிக்கையாவது காட்டலாம். இதை எழுத்தில் புகாராகக் கொடுத்தேன், பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வேலைக்கு ஆகாத பயிற்சிகளும் இருந்தன. பதினொரு வயது உங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்றார்கள். மூன்று முறை உட்கார்ந்தேன், மூன்று முறையும் அந்தப் பிள்ளைக்கு வேலை சொல்கிற கடிதமாகத்தான் வந்தது. வேறு யாருக்காவது அது உதவலாம், எனக்கு உதவவில்லை. கூடவே வரும் செயலியில் தினமும் முகப் படத்தைத் தட்டி மனநிலையைக் குறிக்க வேண்டும், அதை யாரும் திறந்து பார்ப்பதாகத் தெரியவில்லை.

என்ன மாறியிருக்கிறது என்றால், தாழ்ப்பாளை ஒருமுறைதான் பார்க்கிறேன், பெரும்பாலான ராத்திரிகளில். தங்கையிடம் கேள்வி கேட்பதைக் குறைத்திருக்கிறேன். போன மாதம் ஆபீஸில் நடந்த ஒரு விஷயத்தைப் பற்றி அவளிடம் முழுசாகப் புலம்பினேன், அவள் நடுவில் ஒரு யோசனைகூடச் சொல்லாமல் கேட்டாள், கடைசியில் "இன்னும் சொல்லு" என்றாள். படிவத்தில் காலியாக விட்ட அந்தக் கட்டத்தில் அவளிடம் கேட்டுவிட்டு அவள் பெயரை எழுதினேன். மாறாதது: யாராவது வேலை செய்துகொண்டிருக்கும்போது என்னால் இன்னும் சும்மா உட்கார முடியவில்லை. அம்மாவிடம் இதில் எதையும் நான் சொல்லவில்லை, சொல்லலாமா என்றும் தெரியவில்லை. பன்னிரண்டு செஷன் இதற்குப் போதாது, தொடக்கத்திலேயே அதைச் சொல்லியிருக்கலாம், பன்னிரண்டில் முடிந்துவிடும் என்பது போல விளம்பரம் செய்திருக்க வேண்டாம்.

யாருக்கு இது சரிவரும்? கஷ்டம் முடிந்து, தலைக்கு மேல் ஒரு கூரையும் கையில் ஒரு வேலையும் இருந்து, ஆனாலும் உடம்பு இன்னும் காவல் காத்துக்கொண்டே இருக்கிறது என்பவர்களுக்கு. யாருக்குச் சரிவராது? இப்போதே அந்த வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இங்கே இடம் இல்லை, பதினெட்டுக்கு மேல்தான் எடுக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளை இதைப் படித்தால், நீ நம்புகிற ஒரு பெரியவரிடம், ஒரு ஆசிரியரிடமாவது, வீட்டில் நீ செய்யும் வேலைகளை மட்டும் பட்டியலாகச் சொல்லு, கதை சொல்ல வேண்டாம், பட்டியல் போதும். உயிரை விடும் எண்ணம் வருகிறவர்கள், வீட்டில் அடி உதை நடக்கிறவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம், நேரே டாக்டரிடமோ அவசர உதவிக்கோ போங்கள். ராத்திரியில் நான் அனுப்பிய ஒரு மெசேஜுக்கு இந்தச் சேவையிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் பதில் வந்தது.

சேருவதற்கு முன் கவுன்சிலரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உடன்பிறந்தவர்களைப் பற்றியும் பேசுவீர்களா, அல்லது அப்பா அம்மாவைப் பற்றி மட்டுமா? பெற்றோர் பிரிவு என்றதும் எல்லோரும் அந்த இருவரைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளும்தான் பிரிந்தோம், அதற்கு நாங்கள் வரைந்த ஜீனோகிராமில் குறி எதுவும் இருக்கவில்லை, மேடம்தான் எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் கையால் ஒரு கோடு போட்டார்.

மதிப்பெண்: மேடத்துக்கு ஐந்துக்கு ஐந்து. சேவைக்கு ஐந்துக்கு மூன்று, தானியங்கி மெயிலுக்கு ஒன்று, தானாகத் துண்டிக்கப்படும் வீடியோ காலுக்கு ஒன்று குறைத்திருக்கிறேன். இருந்தும் மாதம் ஒன்று என்று இன்னும் மூன்று செஷன் வாங்கியிருக்கிறேன். அதில் ஒன்றுக்கு அண்ணனும் வரலாமா என்று கேட்டேன், வரலாம், ஆனால் அவரும் தனியாகப் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அவனுக்கு அனுப்பி இரண்டு வாரம் ஆகிறது. அந்தப் பத்துக் கேள்விகளை விட்டுவிடு, மதிப்பெண் மெயில் வந்தால் திறக்காதே என்று சொல்லியிருக்கிறேன். பாதி நிரப்பி வைத்திருக்கிறானாம்.